எற்றுநூல்

“இந்தப் பக்கம் ரெண்டு நூலு சீவிப் போடுங்க சார்” என்றார் ஆசாரி. நான் பலகையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மேசைமேல் கிடந்த நூல்கண்டைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். நூல் என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும், அதற்கு வரக்கூடாத குற்றங்கள் எவை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மரத்தில் இரண்டு நூல் என்பது எவ்வளவு என்று மட்டும் தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டேப்பை வாங்கி, ஓர் அங்குலத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். “இதை எட்டாப் பிரிச்சா ஒண்ணு, ஒரு நூலு. அதுல பாதி அரை நூலு. அவ்வளவுதானுங்க கணக்கு.”

மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. டேப்பின் கீழ்விளிம்பில் சென்டிமீட்டரும் அச்சடித்தே வருகிறது. ஆனாலும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் பன்னிரண்டு எம்எம் கம்பியை நாலு நூல் கம்பி என்றுதான் கேட்கிறார்கள். பிளைவுட் கடையில் நீள அகலம் அடியில், கனம் எம்எம்மில். எட்டுக்கு நாலு ஷீட், பத்தொன்பது எம்எம். அந்தப் பத்தொன்பதை ஆசாரி ஆறு நூல் என்பார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குலம், 19.05 மில்லிமீட்டர். அந்த அரைக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தை அவரிடம் சொன்னபோது, “மரம் அதுக்கு மேல மூச்சு விடுமுங்க” என்றார். அப்போது புரியவில்லை. ஐப்பசியில் புரிந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

கோவை கணபதியில் எங்கள் வீடு. பணி ஓய்வு பெற்ற வருடமே காரை விற்றுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வாங்கிய பழைய வண்டி. பள்ளிக்கூடம் முடிந்தபின் அதற்கும் போக இடமில்லை. வண்டி போயும் ஷெட்டுக்குக் கார் ஷெட் என்ற பெயர் போகவில்லை. பத்தடிக்குப் பதினெட்டடி. மேலே சிமென்ட் ஷீட். ஒரு பக்கச் சுவரில் பழைய கதவொன்றைப் படுக்கப்போட்டுச் செய்த வேலைமேசை, அதன் ஓரத்தில் முடுக்கிய வைஸ். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் திருகாணிகள். தரையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. எவ்வளவு மரத்தூள் கொட்டினாலும் மேலே ஊறி வந்துவிடுகிறது.

மற்றபடி அங்கே இருப்பவை காத்திருக்கும் பொருள்கள். கம்பி ஒடிந்த குடை, கைப்பிடி கழன்ற முறுக்கு உழக்கு, பக்கத்து வீட்டு மிக்ஸி ஜார், இரண்டு மேசை விசிறிகள். “ஏனுங்க, அந்த ஷெட்டுக்குள்ள போன சாமான் ஒண்ணாவது திரும்பி வந்திருக்குதா?” என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்கு வரும் எல்லோரும் பிழைத்தா போகிறார்கள் என்று பதில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஒன்று திரும்பிப் போனது. அவளுடைய கிரைண்டர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்று பெருமை பேசுகிற ஊரில், எங்கள் வீட்டு கிரைண்டர் ஒரு காலை உறுமிக்கொண்டு நின்றது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, கல் அசையவில்லை. பக்கத்து லேத் பட்டறைப் பையன் எட்டிப் பார்த்து, “கெபாசிட்டர் போயிருக்கும் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பிறகு தெரிந்துகொண்டதுதான் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வரும் ஒற்றைமுனை மின்சாரத்தால் மட்டும் அந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது. அதற்காகவே உள்ளே இன்னொரு சுற்றுக்கம்பி வைத்து, கெபாசிட்டர் வழியாக அதில் மின்சாரத்தைச் சற்று முன்பின்னாக அனுப்புகிறார்கள். “இந்தப் பக்கம் போ” என்கிற முதல் தள்ளல் அது. கெபாசிட்டர் செத்துப்போனால் பலம் இருக்கும், திசை இருக்காது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு கப்பியைக் கையால் தள்ளினால், தள்ளிய பக்கமாகவே ஓட ஆரம்பித்துவிடும். வலது என்றால் வலது, இடது என்றால் இடது. என் வகுப்புகளில் இப்படி உறுமிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களையெல்லாம் மக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், ஆசிரியர் அறையில் டீ குடித்தபடி.

பிரித்துப் பார்ப்பதற்கு இந்த ஊரில் ஒரு குலதெய்வம் உண்டு. 1893-இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு. ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டினார் என்ற கதையை இங்கே எந்தப் பெரியவரும் பேரப்பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பேரன் ரேடியோவைக் கழற்றினால் அடிக்கிற ஊரும் இதுதான்.

என் அப்பா அடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் தெருக்கோடியில் கட்டில் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து, அவர் கொடுத்த சின்ன உளியால் ஒரு கட்டையைக் கொத்திக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என் கையிலிருந்து உளியை வாங்கி அவரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில், “கையில உளி பிடிக்கவா உன்னைப் படிக்க வெக்கிறேன்?” என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். அந்தக் கேள்விக்குள் எத்தனை நூற்றாண்டுகள் இருந்தன என்று அப்போது தெரியாது. கையால் செய்வோர் ஒரு தெரு, வாயால் சொல்வோர் இன்னொரு தெரு என்று வகுத்து வைத்திருந்த ஊர்கள் நம்முடையவை. வெளிநாட்டில் கார் நிறுத்துமிடத்தைப் பட்டறையாக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மேசை செய்தால் அது பொழுதுபோக்கு. இங்கே அதே வேலையை நான் செய்தால் வாசலில் நின்று, “ஏன் சார், ஆசாரியக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சுக் குடுத்துருவாரே” என்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கிறேனோ என்று சந்தேகம். இல்லையென்றால் மூளைக்கு ஏதாவது.

ஆசாரியைக் கூப்பிட்டேன்தான். மழையில் உப்பிப்போன ஒரு ஜன்னலைச் சரிபார்க்க வந்தவர், ஷெட்டில் நான் புத்தக அலமாரிக்கென்று அறுத்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பலகையைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பிடிப்பதுபோல் அதன் விளிம்பு வழியாகப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். நாலாவதுக்குப் பிறகு, “எல்லாம் நல்ல தேக்குங்க சார்” என்றார். அறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விடைத்தாளில் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும் பையனிடம் நான் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் கூலிக்கு இல்லாமல் வந்தார். அதன் பிறகு மாதம் இரண்டு மூன்று தடவை. எழுபதைத் தாண்டியவர். ஷெட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், குத்துக்காலிட்டுத் தரையில்தான். அவரை ஆசாரி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரைக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆனது. மாணவர்களின் பெயரோடு அப்பா பெயரையும் நினைவில் வைத்திருக்கிறேன் என்று விழாவில் பாராட்டு வாங்கியவன் நான். பெயரைக் கேட்டபோது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “அதெதுக்குங்க இப்போ” என்றார்.

முதலில் அவர் கற்றுக்கொடுத்தது சாணை. உளியின் முகத்தை ஏறக்குறைய இருபத்தைந்து பாகை சாய்வில் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அவருக்குப் பாகை தெரியாது. “தகடு கல்லுல உட்கார்ற எடம் கைக்குத் தெரியுமுங்க” என்பார். எனக்கு மூன்று வாரம் தெரியவில்லை. ஒருநாள் தெரிந்தது. இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால், பின்பக்கம் விரலை வைத்தால் ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதுவரை முன்பக்கம், பிறகு பின்பக்கம் தட்டையாக வைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் முன்கை முடியில் வைத்துச் சிரைத்துப் பார்ப்பார். நான் காகிதத்தை வெட்டிப் பார்க்கிறேன், பழக்கம் விடுமா?

இழைப்புளியில் மரத்தின் ஓட்டம் பார்க்க வேண்டும். ஓட்டத்தோடு போனால் சுருள் சுருளாக, ஓசையே ஒரு பெருமூச்சுபோல வரும். எதிர்த்துப் போனால் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். வேம்பு இன்னும் மோசம், அதில் ஓட்டம் அடிக்கடி திசை மாறும். இதையெல்லாம் கேட்பதற்கு ஏற்ற நாள் ஒன்று இங்கே மாதாமாதம் வருகிறது. பராமரிப்புக்கென்று காலையிலிருந்து மாலைவரை மின்சாரத்தை நிறுத்தும் நாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு லேத்தோ டிரில்லோ ஓடுகிறது. இரும்பு இரும்பைச் சீவும் ஓசை காதுக்குப் பழகி, இல்லாததுபோலவே ஆகிவிட்டது. ஷட்டவுன் அன்று அது சட்டென்று நிற்கும். பட்டறைப் பையன்கள் வெளியே வந்து திண்ணையில் உட்காருவார்கள். அப்போதுதான் என் இழைப்புளியின் குரல் எனக்கே முழுசாகக் கேட்கும். பக்கத்து முருங்கையில் அணில் கத்துவதும், எங்கோ ஒரு வீட்டில் தேங்காய் துருவுவதும் கேட்கும். ஷட்டவுன் தேதி செய்தித்தாளில் வந்தால், மற்றவர்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். நான் உளிகளைத் தீட்டி வைப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் எற்றுநூலைப் பார்த்தேன்.

நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குப் பெயர்க்காரணம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. முதலில் பஞ்சிலிருந்து இழை நூற்பதைச் சொல்லி, சொல்லிலிருந்து நூல் பிறக்கிறது என்பார். அடுத்த பாட்டில் உவமை மாறுகிறது. மரத்தின் கோணலை எப்படி நூல் தீர்க்கிறதோ, அப்படி மனிதரின் மனக்கோணலை நூல் தீர்க்கும். இதை வருடாவருடம் நடத்தினேன். இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டேன். மரத்தின் மேல் போடும் நூலைத்தான் எற்றுநூல் என்பார்கள், தச்சர் பயன்படுத்துவது என்று ஒரு வரி விளக்கமும் சொல்வேன். எற்றுதல் என்றால் அடித்தல், தெறித்தல். சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவேன். ஒரு தச்சர் அதைத் தெறிப்பதைப் பார்த்ததில்லை.

கடையில் நீலப்பொடி நிரப்பிய டப்பாவுக்குள் சுருட்டி வைத்த நூல் கிடைக்கிறது. ஆசாரிக்கு அது ஆகாது. காவிப்பொடியைக் கொட்டாங்குச்சியில் குழைத்து, பருத்தி நூலை அதில் நனைத்து, பிழிந்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். பலகையின் அந்தக் கோடியில் நான், இந்தக் கோடியில் அவர். “இழுத்துப் பிடிங்க. இன்னும். மூச்சப் பிடிங்க.” நடுவில் இரண்டு விரலால் நூலைத் தூக்கி விட்டார். டப். ஆறடிப் பலகையில் ஒரே சிவப்புக் கோடு. அதற்கு முன்வரை நேராகத் தெரிந்த பலகை, கோடு விழுந்த மறுகணமே கோணலாகிவிட்டது. நடுவில் மூன்று நூல் அளவுக்கு வயிறு தள்ளியிருந்தது.

நானே தெறித்துப் பார்க்கிறேன் என்றேன். என் கோடு வில்போல வளைந்து விழுந்தது. “நேரா மேல தூக்கோணுமுங்க. பக்கத்துல சாச்சுத் தூக்குனா கோடும் சாஞ்சுதான் விழுகும்.” நூல் நேரானதுதான், ஆனால் அதைத் தூக்குகிற விரல் சாய்ந்தால் நூலும் பொய் சொல்லும். பவணந்தியாருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? உரை எழுதியவர்கள் இதை ஏன் சொல்லவில்லை என்று அன்று இரவு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

வேறொன்றும் இடித்தது. நூல் கோணலைத் தீர்க்கவில்லை. காட்டியது, அவ்வளவுதான். சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்ற மரத்தை ஒன்றரை மணிநேரம் இழைப்புளியால் தள்ளித் தள்ளி எடுத்தது என் தோள். கோடு போட ஒரு நொடி. நான் முப்பத்தொரு வருடம் செய்தது எல்லாம் கோடு போடும் வேலைதான். சிவப்பு மை, கட்டுரை நோட்டில் பிழைக்கு அடியில் ஒரு இழுப்பு, ஓரத்தில் ஒற்றெழுத்து. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கோணல் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தப் பையன் அதே பிழையை அடுத்த வாரம் எழுதும்போது கோபம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இழைக்க யாருக்கு நேரம் இருந்தது, ஒரு வகுப்பில் அறுபது பேர். காரணம் சரிதான். ஆனாலும் ஒன்றிரண்டு முகங்கள் இருக்கின்றன.

இதை ஆசாரியிடம் சொன்னேன். அவர் வேறு எங்கோ போனார். அன்னூர்ப் பக்கம் சிறுவயதில் அப்பாவோடு கலப்பையும் வண்டியும் செய்துகொண்டிருந்த காலத்துக்கு. கலப்பைக்கு நேர் மரம் ஆகாது. கருவேல மரத்தில் கிளை பிரியும் இடத்து வளைவு வேண்டும். அதைத் தேடி ஓடைக்கரை ஓடைக்கரையாக அலைவார்களாம். நேர் மரத்தை அறுத்து வளைத்தால் ஓட்டம் வெட்டுப்பட்டு, கல்லில் மாட்டினால் ஒடிந்துபோகும். தானாக வளைந்த மரத்தில் ஓட்டமும் கூடவே வளைந்து வந்திருக்கும். “நல்ல கோணல் கெடைக்கறது கஷ்டமுங்க” என்றார். அம்பு நேர், செயல் கொடிது; யாழ் வளைவு, செயல் இனிது என்கிற குறளுக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சொன்னார். இரும்பு வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்க வேண்டும். வறட்டியை வட்டமாக அடுக்கி நெருப்பு மூட்டி, வளையம் சிவக்கும்வரை காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பற்றி எரியத் தொடங்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் ஒவ்வொன்றும் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இறுகுகிற சத்தம் கேட்குமாம். “நெறிபடற சத்தம். அது கேட்டாத்தான் அப்பா ஒக்காருவாரு.” அந்தச் சத்தத்தை அவர் நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் செய்து காட்டினார். டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, அவர் கோவைக்கு வந்து கதவு ஜன்னல் செய்தார், பிறகு பிளைவுட் ஒட்டினார்.

பையன் என்ன செய்கிறார் என்று கேட்டேன். கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர். மரவேலை தெரியுமா?

“தெரியாதுங்க. என்ற பையன் கையில உளி பிடிக்கக் கூடாதுன்னுதானுங்க படிக்க வெச்சேன்.”

நான் வைஸில் கிடந்த மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தேன்.

அலமாரி சித்திரையில் முடிந்தது. கீழே ஓர் இழுப்பறை. அதை உள்ளே தள்ளினால் காற்று வெளியேறும் மெல்லிய சத்தத்தோடு போய் உட்காரும். நாலு பக்கமும் காகிதம் நுழையாத பொருத்தம். யார் வந்தாலும் இழுத்துக் காட்டினேன். ஆசாரி மட்டும் பார்த்துவிட்டு, “கொஞ்சம் விட்டிருக்கலாமுங்க” என்றார். பொறாமையோ என்றுகூட நினைத்தேன். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் இழுப்பறை திறக்கவில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். தேக்கு குறைவாக, ஆனால் அதுவும். மின்சார அட்டை, காஸ் புத்தகம், என் ஓய்வூதியக் காகிதம் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டு தை மாதம்வரை வெளியே வரவில்லை. மனைவி அந்த மூன்று மாதமும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தையில் தானாகவே திறந்தது. அரை நூல் சீவினேன். இப்போது கோடையில் லொடலொடக்கிறது, மழையில் சரியாக இருக்கிறது.

ஆசாரிக்குக் கண்ணில் புரை. ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது, மற்றதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போன முறை வந்தபோது பலகையை எடுத்து விளிம்பு பார்க்கப் போனவர், பாதியில் என்னிடம் நீட்டி, “நீங்க பாருங்க சார்” என்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தக் கோடியில் லேசான இறக்கம். சொன்னேன். அவர் பலகையை வாங்கி உள்ளங்கையை அதன்மேல் ஒரு தடவை மெதுவாக ஓடவிட்டார். நான் சொன்ன இடத்துக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. “இங்கிருந்தே எறங்குதுங்க” என்றார். மறுபடி பார்த்தேன். அங்கிருந்துதான் இறங்கியது.

இப்போது அவர் வருவதில்லை, டாக்டர் தூசு ஆகாது என்றிருக்கிறார். பலகையின் அந்தக் கோடியில் ஓர் ஆணி அடித்து, நூலின் முனையை அதில் கட்டிக்கொள்கிறேன். ஆணி சரியாகத்தான் பிடிக்கிறது. இழுத்துப் பிடி, மூச்சைப் பிடி என்று அது சொல்வதில்லை, நான் சொல்லிக்கொள்கிறேன். நேற்று ஷட்டவுன். காவியைக் குழைத்து வைத்துவிட்டு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “என்ன சார், இன்னிக்கு உங்க பக்கம் கரண்டு இல்லைன்னு பேப்பர்ல படிச்சாங்க. நூலப் போட்டாச்சுங்களா?”

“இல்லைங்க, இனிமேத்தான்.”

“போனை அப்படியே பலகை மேல வெச்சுட்டுப் போடுங்க.”

வைத்தேன். நேராக மேலே தூக்கி விட்டேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டோணுமுங்க” என்றார்.